கார் பெயிண்டில் கீறல், சுழல் கோடு, கறை: கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் கார் டீடெய்லிங், அதாவது பெயிண்டைச் சுத்தம் செய்து மெருகேற்றும் வேலை செய்கிறோம். வண்டியை விட வருகிறவர்கள், போனில் கேட்கிறவர்கள், சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் என்று எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சில பதில்கள் எங்கள் வருமானத்துக்கே எதிராக இருக்கும். பரவாயில்லை.

நிழலில் நன்றாக இருக்கும் கார், வெயிலில் நின்றால் வட்ட வட்டமாகக் கோடு காட்டுகிறதே, ஏன்?

அவை உண்மையில் வட்டமான கோடுகள் அல்ல. பெயிண்டின் மேல் எல்லாத் திசையிலும் கண்ணுக்குத் தெரியாத நேர்க்கோடுகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. ஒளி விழும் புள்ளியைச் சுற்றி, அந்த ஒளிக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் மின்னும். அதனால் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. தலையை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும். இதைத்தான் தொழிலில் சுவர்ல் மார்க் என்கிறோம். கறுப்பு, அடர் நீலம், மெரூன் கார்களில் அப்பட்டமாகத் தெரியும். வெள்ளை, சில்வர் கார்களிலும் அதே அளவு இருக்கும், காட்டிக்கொடுக்காது, அவ்வளவுதான்.

நான் யார் மேலும் இடிக்கவில்லை, உரசவும் இல்லை. பிறகு கோடு எங்கிருந்து வந்தது?

துடைத்ததில் வந்தது. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை, "தினமும் காலையில் துடைத்து வைக்கிறேன்" என்பார்கள். அந்தத் தினமும்தான் பிரச்சினை.

நம் மாவட்டத்துத் தூசி சாதாரணத் தூசி அல்ல. சுற்றிலும் கிரானைட் குவாரி, கிரஷர், கல் ஏற்றிப் போகும் டிப்பர். கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம், கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் 7. சாதாரண இரும்பும் கண்ணாடியும்கூட அதற்குக் கீழேதான். காரின் மேல்பூச்சு வெறும் பிளாஸ்டிக் வகைதான். இரவெல்லாம் படிந்த அந்தத் தூளை, காய்ந்த பனியன் துணியால் பானட்டிலிருந்து கூரை வரை இழுத்தால், உப்புத்தாள் வேலையைத்தான் துணி செய்கிறது. கடைகளில் தொங்கும் மெழுகு பூசிய நூல் டஸ்டரும் அப்படியே, அதில் ஒட்டிய மணல் அடுத்த நாளுக்கும் அதிலேயே இருக்கும். வாட்டர் சர்வீஸில் காலையிலிருந்து பத்து வண்டி துடைத்த ஒரே துணி, தரையில் விழுந்த ஸ்பாஞ்ச் இவையும் அதே வேலையைச் செய்யும். கார் அழுக்காக இருப்பதால் பெயிண்ட் கெடுவது குறைவு. அழுக்கை எடுக்கும் விதத்தில்தான் அதிகம் கெடுகிறது.

பாலிஷ் போட்டால் கீறல் எப்படிப் போகிறது? உள்ளே எதையாவது நிரப்புவீர்களா?

நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றி இருக்கும் பரப்பைக் கீறலின் அடி மட்டம் வரை இறக்குகிறோம். கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை மேலே கொண்டுவர முடியாது, சுற்றியுள்ள மேட்டைத்தான் குறைக்க முடியும். நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம்: கிரானைட் பாலிஷ் யூனிட்டில் கரடான கல்லில் ஆரம்பித்து, படிப்படியாக நைசான கல்லுக்குப் போய், பலகையை மினுமினுக்க வைக்கிறார்களே, அதே கணக்கு. ஒரே வித்தியாசம், கிரானைட் பலகை 2 சென்டிமீட்டர் கனம். எத்தனை முறை தேய்த்தாலும் கல் மிச்சம் இருக்கும். காரில் நமக்குத் தேய்க்கக் கிடைப்பது மேல்பூச்சின் 40 மைக்ரான் சொச்சம்தான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்.

தகட்டின் மேல் முதலில் துருப்பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான், சில வண்டிகளில் அதற்கும் குறைவு. பளபளப்பைத் தருவது கிளியர் கோட், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் அதுவே. அதை மெலிதாக்கிவிட்டால் இன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும், நாலு கோடை கழிந்து கூரையும் பானட்டும் வெளுத்து உரிய ஆரம்பிக்கும். உரிந்தபின் பாலிஷுக்கு அங்கே வேலை இல்லை, பெயிண்ட்தான்.

என் காரில் இருக்கும் கீறல் போகுமா, போகாதா? போட்டோ அனுப்பினால் சொல்வீர்களா?

போட்டோவில் உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்களே இப்படிப் பாருங்கள். இடத்தைக் கழுவிவிட்டு, விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்காக மெதுவாக ஓட்டுங்கள். நகம் சிக்காவிட்டால் பெரும்பாலும் போய்விடும். இலேசாகச் சிக்கினால் குறையும், முழுதாகப் போகாது. நன்றாகச் சிக்கி, உள்ளே வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் பிரைமர் வரை போய்விட்டது. தகடு தெரிந்தால் துருவுக்கு முன் டச்சப் பெயிண்ட் வைத்து மூடிவிடுங்கள். மழைக்காலத்துக்குள் செய்வது நல்லது.

தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதும் ஒரு வழி. நனைந்ததும் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால், கீறல் கிளியர் கோட்டுக்குள்தான் இருக்கிறது.

இன்னொன்று. சுவரிலோ தூணிலோ உரசியதாகச் சொல்லிக் கொண்டுவரும் வண்டிகளில் பல நேரம் இருப்பது கீறலே அல்ல, சுவரின் பெயிண்ட் நம் பெயிண்டின் மேல் ஒட்டியிருக்கும். கொஞ்சம் காம்பவுண்ட் (கரடான பாலிஷ் பசை) வைத்துத் தேய்த்தால் வந்துவிடும். டிங்கரிங் கடைக்குப் போகும் முன் ஒருமுறை காட்டிவிட்டுப் போங்கள்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் தோட்டத்துக்குப் போய்வருகிறேன். இரண்டு பக்கக் கதவிலும் முள் கீறல் வரிசையாக இருக்கிறது.

உண்ணிச் செடியும் வேலி முள்ளும் செய்யும் வேலை. நீளமாக, கூட்டமாக இருப்பதால் பயங்கரமாகத் தெரியும், ஆனால் பெரும்பாலானவை ஆழமில்லை. முக்கால்வாசி ஒரு சுற்றிலேயே போகும். நடுநடுவே ஆழமாக இழுத்த ஒன்றிரண்டு நிற்கும், அவற்றை அப்படியே விடச் சொல்வோம். மாதம் இருமுறை அதே தடத்தில் போகிறவர் ஒவ்வொரு தடவையும் பெயிண்டைத் தேய்த்துச் சரிசெய்யும் கரெக்‌ஷன் செய்யக் கூடாது. அந்தக் கதவுகளில் வருஷக்கணக்கில் தேய்க்கப் பெயிண்ட் இருக்காது. இரண்டு பக்கத்துக்கும் பெயிண்டைக் காக்கும் பிலிம் ஒட்டிவிடுங்கள், அல்லது அந்தத் தடத்துக்குப் பழைய ஜீப்பை எடுங்கள்.

வேறொரு இடத்தில் ரப்பிங் பாலிஷ் போட்டேன். அன்றைக்குப் புதுக் கார் மாதிரி இருந்தது. நாலு தடவை கழுவியதும் கோடெல்லாம் திரும்ப வந்துவிட்டது. ஏன்?

அங்கே கோடு போகவே இல்லை, மறைந்திருந்தது. சில பாலிஷ்களில் எண்ணெயும் மெழுகும் நிரப்பும் பொருளும் இருக்கும். பள்ளத்தில் போய் உட்கார்ந்து பளபளக்கும், ஷாம்பு பட்டதும் கரைந்து வரும். மோசடி என்று சொல்ல மாட்டேன், கல்யாணத்துக்கு வண்டி வேண்டும், குறைந்த செலவில் முடிய வேண்டும் என்றால் அதுவே போதும். ஆனால் அதைக் கீறல் நீக்கம் என்று சொல்லிப் பணம் வாங்கக் கூடாது.

இன்னொரு வகைக் கெடுதல், ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷினால் வருவது. கம்பளி பேடைப் போட்டு வேகமாக ஓட்டினால் பழைய கோடு போய், வெயிலில் வளைந்து வளைந்து ஓடும் புதுத் தடம் விழும். ஹாலோகிராம் என்போம். கை பழகாதவர் கதவு விளிம்பிலும் பானட் மடிப்பிலும் மெஷினை நிறுத்திவிட்டால் சில நொடிகளில் நிறம் வரை தேய்ந்துவிடும். விளிம்புகளில் பெயிண்ட் இயல்பாகவே மெல்லிசு.

உங்களிடம் விட்டால் என்னென்ன செய்வீர்கள்?

முதல் பாதி நாள் பாலிஷ் மெஷினே ஓடாது. தண்ணீர் அடித்து மண்ணை இறக்குவோம், ஃபோம் போட்டு ஊறவிட்டுக் கழுவுவோம். பிறகு இரும்புத் துகள் எடுக்கும் திரவம். ஓசூர் சிப்காட் பக்கம் கம்பெனி பார்க்கிங்கில் நிற்கும் வண்டிகளில் இதை அடித்தால் ஊதா நிறமாக ஒழுகும், உரிமையாளர்கள் மிரண்டுவிடுவார்கள். பெயிண்ட் கரையவில்லை. கிரைண்டிங் தூளும் பிரேக் தூளும் பெயிண்டில் பதிந்திருக்கின்றன, இரும்போடு சேர்ந்ததும் திரவம் நிறம் மாறுகிறது. அதற்குப் பிறகு கிளே பார், அதாவது பதிந்த அழுக்கை ஒட்டி எடுக்கும் களிமண் கட்டி. கழுவிய பானட்டைக் கையால் தடவினால் சொரசொரவென்று இருக்குமே, அது போகும் வரை.

அப்புறம் மைக்ரான் மீட்டர். ஒவ்வொரு பேனலிலும் பல இடங்களில் அளந்து எழுதுவோம். 100, 110 என்று போய்க்கொண்டிருக்கும் வண்டியில் ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் அது மறுபடி பெயிண்ட் அடித்தது. 600, 800 என்றால் உள்ளே பள்ளம் நிரப்பும் பட்டி இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரண மீட்டர் அதில் வேலை செய்யாது, அங்கே கூடுதல் ஜாக்கிரதை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியாக இருந்தால் இந்த இடத்தில் சிலர் முகம் மாறும். விற்றவர் சொன்னதும் மீட்டர் சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை.

ரப்பர் பீடிங், லோகோ, விளிம்பெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டியபின், பானட்டில் ஒரு சாண் இடத்தில் மட்டும் சோதனை. மென்மையான ஃபோம் பேடும் நைசான பாலிஷும் முதலில். அது போதாவிட்டால்தான் அடுத்த கடினத்துக்குப் போவோம். எடுத்த எடுப்பிலேயே கடுமையான காம்பவுண்டை எடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். பெரும்பாலும் டி.ஏ (டூயல் ஆக்ஷன்) மெஷின்தான். சுற்றிக்கொண்டே அலையவும் செய்வதால் சூடும் தடமும் குறைவு. ரோட்டரி, 2000, 3000 நம்பர் உப்புத்தாள் எல்லாம் தேவைப்படும் இடத்தில் மட்டும்.

முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலவையால் துடைத்து, பாலிஷ் எண்ணெயை எடுத்துவிட்டு, விளக்கடியில் காட்டுவோம். எண்ணெய் போன பிறகும் கோடு இல்லையென்றால்தான் நிஜமாகவே போயிருக்கிறது. சின்னக் காருக்கு ஒரு சுற்று என்றால் ஒரு நாள், இரண்டு சுற்று என்றால் இரண்டு மூன்று நாள். ஸ்கார்ப்பியோ, இன்னோவாவுக்கு அதற்கு மேல்.

நூறு சதவீதம் கீறல் போக வேண்டும் என்றால்?

வேண்டாம் என்போம். எழுபது, எண்பது சதவீதம் கோடு போனாலே சாலையில் பார்ப்பவர் கண்ணுக்குப் புதுக் கார்தான். மிச்ச இருபதுக்காகத் தேய்க்கும்போதுதான் கிளியர் கோட் அதிகம் செலவாகும். ஒரு நைஸ் பாலிஷ் ஓரிரு மைக்ரான் எடுக்கும், காம்பவுண்ட் அதைவிட அதிகம், உப்புத்தாள் இன்னும் அதிகம். போனது திரும்பி வராது. வண்டியைப் பத்து வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு மூன்று பெரிய கரெக்‌ஷனுக்கு மேல் தாங்கும் என்று நினைக்காதீர்கள். வருஷாவருஷம் ரப்பிங் போடும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கிறது. போகுமா?

நம் இரண்டு மாவட்டத்திலும் பாறைக்கு அடியிலிருந்து எடுக்கும் தண்ணீர். குடிக்க முடியாத அளவு ஃபுளோரைடு என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. காரில் புள்ளி வைப்பது ஃபுளோரைடு அல்ல, அதே தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு பெயிண்டில் தங்கிவிடும்.

புதிதாக விழுந்த புள்ளியென்றால் வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில், துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்துத் துடைத்து, உடனே நிறையத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். பல மாதம் வெயிலில் காய்ந்த புள்ளி பெயிண்டை அரித்துக் குழி விட்டிருக்கும். அதற்குப் பாலிஷ்தான் வழி. கண்ணாடியில் ஏறிய புள்ளிக்குத் தனி மருந்து, தனி பேடு, பெயிண்டுக்குப் போடுவது அங்கே வேலை செய்யாது.

முக்கியமான ஒன்று: ஆர்.ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அதில் கார் கழுவுகிறார்கள். எண்ணம் நல்லது. ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் சேர்ந்திருக்கிறது. அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். காருக்குப் போர் தண்ணீரே தேவலை. கடைசியாக ஒரு வாளி மழைத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ ஊற்றி, காயவிடாமல் உடனே துடைத்துவிட்டால் புள்ளியே நிற்காது.

மாமரத்தடியில் நிறுத்தலாமா?

நிழலுக்கு ஆசைப்பட்டு எல்லாரும் நிறுத்துவது அங்கேதான். பூ விடும் காலத்தில் தத்துப்பூச்சி சர்க்கரைப் பாகாகச் சொட்டிவைக்கும், அதன் மேல் கரும்பூசணம் பிடிக்கும். காய்ப் பருவத்தில் காம்பு உடைந்து பால் ஒழுகும். பழத்தின் தோலையே கருக்கும் பால் அது, பெயிண்டை விடுமா? அன்றே கழுவினால் ஒன்றும் ஆகாது. பறவை எச்சமும் அப்படியே: ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டு எடுங்கள், காய்ந்ததைச் சுரண்டாதீர்கள். வெயிலில் சூடான பானட்டில் எச்சம் ஒரே மதியத்தில் தடம் பதித்துவிடும்.

ஆயுத பூஜைக்குப் பிறகு சந்தனம், குங்குமக் கறை போகவில்லை.

அக்டோபர் மாதத்தில் எங்களுக்கு வரும் வேலையில் பாதி இதுதான். சந்தனம் காய்ந்ததும் சுரண்டுகிறார்கள், அதில் கீறல். இப்போது விற்கும் குங்குமத்தில் பல சாயம் கலந்தவை, வெள்ளைக் காரில் ஏறினால் இளஞ்சிவப்பாக நிற்கும். எல்லாவற்றையும்விட மோசம், முன்னால் வாழைக்கன்றைக் கட்டும் கயிறு. வண்டி ஓடும்போது அது பானட் ஓரத்தை அறுத்துக்கொண்டே வரும், வாழைச் சாறு வேறு கறை. பூஜை வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? பொட்டைக் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வையுங்கள். கயிற்றுக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். மறுநாள் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கழுவுங்கள்.

செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது என்கிறார்களே? 9 ஹெச் கடினமாமே?

9 ஹெச் என்பது பென்சில் சோதனையின் அளவு. பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் முறை அது, அதில் உச்சம் 9 ஹெச். வைரத்துக்கு 10 என்கிற மோஸ் அளவோடு அதைக் குழப்பித்தான் விற்கிறார்கள். கோட்டிங்கின் கனம் ஓரிரு மைக்ரான்தான். கல்லையும் சாவியையும் அது தடுக்காது.

பிறகு எதற்கு? தண்ணீரும் சேறும் ஒட்டாமல் வழுக்கிவிடும். கழுவுவது சுலபமாகும், தேய்ப்பது குறையும், அதனால் புதுக் கோடு குறையும். எச்சம், பூச்சிக் கறை உள்ளே இறங்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். இந்த அளவுக்கு நல்லது. ஆனால் கோடு இருக்கும் பெயிண்டின் மேல் போட்டால் கோட்டையும் சேர்த்து உள்ளே பூட்டிவைத்த மாதிரி. உப்புத் தண்ணீர்ப் புள்ளி கோட்டிங்கின் மேலும் நிற்கும், எங்கள் பக்கத்தில் இதுதான் அதிகம் வரும் புகார். புதிதாகப் பெயிண்ட் அடித்த பேனலுக்கு ஒரு மாதமாவது விட்டுப் போடுங்கள்.

தினமும் தருமபுரி – சேலம் போகிறேன். பானட் முழுக்கக் கல் பட்ட புள்ளி.

தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னால் போனால் நடப்பது. கல் கொத்திய இடத்தில் பெயிண்டே இல்லை, பாலிஷ் எதைத் தேய்க்கும்? டச்சப் பெயிண்டை நுனித் தூரிகையால் ஒவ்வொன்றாக வைக்கலாம், துரு வராது, கிட்டே போனால் தெரியும். இனிமேல் விழாமலிருக்க பி.பி.எஃப், அதாவது பெயிண்டைக் காக்கும் பிலிம். 150 முதல் 200 மைக்ரான் கனம் உள்ள டி.பி.யூ என்ற நெகிழ்வான பிளாஸ்டிக் பிலிம் அது, கல்லடியை உண்மையிலேயே வாங்கிக்கொள்ளும். மேலே விழும் மெல்லிய கோடுகள் வெயில் சூட்டிலேயே மறையும். முழுக் காருக்கும் ஒட்டினால் செலவு கண்ணைக் கட்டும். நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு முன் பம்பர், பானட், பக்கக் கண்ணாடி மூடி போதும்.

டூத்பேஸ்ட், தேங்காய் எண்ணெய், டீசல்?

டூத்பேஸ்டில் தேய்க்கும் தூள் இருக்கிறது, அதனால் சின்னக் கோடு மங்கும், கூடவே அந்த இடம் முழுக்க மங்கும். எண்ணெயும் டீசலும் தற்காலிக மினுமினுப்பு, ஒரு மணி நேரத்தில் தூசியை இழுத்து ஒட்டவைக்கும், ரப்பரையும் கெடுக்கும். வேண்டாம்.

வீட்டில் எப்படிக் கழுவுவது?

நிழலில், பானட் சூடு ஆறியபின். முதலில் தொடாமல் வெறும் தண்ணீரால் மண்ணை இறக்குங்கள், பாதிக் காப்பாற்றல் அதிலேயே இருக்கிறது. இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றொன்றில், கழுவப் பயன்படுத்தும் கையுறையை அலசச் சுத்தமான தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள், சக்கரத்துக்குத் தனித் துணி. தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி காரில் வைக்காதீர்கள். கழுவ நேரமில்லையா, தூசியோடே ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை ஒழுங்காகக் கழுவிய கார், தினமும் துடைத்த காரைவிட நன்றாக இருக்கும்.

ஹெட்லைட் மஞ்சளாகிவிட்டது. அதையும் சரி செய்வீர்களா?

செய்யலாம். மஞ்சள் வெளிப்புறத்தில் இருந்தால் தேய்த்து பாலிஷ் போட்டால் தெளியும், ஆனால் மேலே புற ஊதாவைத் தடுக்கும் பூச்சு கொடுக்காவிட்டால் சில மாதத்தில் திரும்பும்.

கீறலை இன்சூரன்ஸில் போடலாமா?

விபத்தில் விழுந்த கீறலென்றால் கேட்கலாம், துடைத்துத் துடைத்து வந்த கோட்டுக்குக் கிடைக்காது. ஆனால் ஒருமுறை கிளெய்ம் எடுத்தால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். முதல் வருஷம் 20 சதவீதத்தில் தொடங்கி, கிளெய்ம் இல்லாத ஐந்தாம் வருஷம் 50 சதவீதம் வரை ஏறும் சலுகை அது. ஐம்பதில் இருப்பவர் ஒரு கதவுக் கீறலுக்கு அதை இழப்பது நஷ்டம். இரண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ரேட் ஏன் கடைக்குக் கடை இவ்வளவு மாறுகிறது?

நேரம் மாறுவதால். ஒரே நாளில் நாலு வண்டி முடிக்கும் இடத்திலும், ஒரு வண்டிக்கு மூன்று நாள் எடுக்கும் இடத்திலும் ஒரே ரேட் இருக்க முடியாது. பெங்களூரு போய்ச் செய்துவருவதே பெருமை என்று நினைப்பவர்களும் உண்டு. அங்கேயும் அவசர வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கே போனாலும் இதைக் கேளுங்கள்: எத்தனை சுற்று? மைக்ரான் அளந்து எழுதித் தருவீர்களா? சோதனை இடத்தை எண்ணெய் துடைத்தபின் காட்டுவீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்.

அடுத்த மாதம் விற்கப் போகிறேன். முழுக் கரெக்‌ஷன் செய்தால் கூடுதல் விலை கிடைக்குமா?

செலவழித்த அளவுக்குக் கிடைக்காது. நன்றாகக் கழுவி, கிளே போட்டு, ஒரு சுற்று நைஸ் பாலிஷ், உள்ளே சுத்தம், இது போதும். பெயிண்ட் அடித்த பேனல் இருந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். இப்போது அவரும் மைக்ரான் மீட்டரோடுதான் வருகிறார்.